ஒன்பது ஆட்ட முன்னிலை எங்கே போனது? 2011 பாஸ்டன் ரெட் சாக்ஸ்: ஒரு நிகழ்வு ஆய்வு

2011 ஆகஸ்ட் 31 இரவு நிலவரம் இது. அமெரிக்க பேஸ்பால் அணியான பாஸ்டன் ரெட் சாக்ஸ் 83 வெற்றி, 52 தோல்வி. அமெரிக்கன் லீகின் கிழக்குப் பிரிவில் நியூயார்க் யாங்கீஸைவிட ஒன்றரை ஆட்டம் முன்னால். யாங்கீஸ் முந்திக்கொண்டாலும் பெரிய கவலையில்லை, பிரிவை வெல்லாத அணிகளில் சிறந்ததற்குக் கிடைக்கும் வைல்ட் கார்டு இடம் காத்திருக்கிறது. அந்த இடத்துக்குப் போட்டி போட்ட டாம்பா பே ரேஸ் 74-61 என்று ஒன்பது ஆட்டம் பின்னால் கிடந்தது. மீதி 27 ஆட்டங்கள். பாஸ்டன் அதில் ஒன்பதை ஜெயித்திருந்தால் போதும்.

ஜெயித்தது ஏழு.

செப்டம்பரில் ஒன்பது ஆட்டம் முன்னால் இருந்துவிட்டு, கோப்பைக்கான அடுத்த கட்டமான பிளே ஆஃபுக்குப் போகாத அணி என்று அதற்கு முன்பு மேஜர் லீக் வரலாற்றில் எதுவும் இல்லை. இதைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றும் முதலில் வருவது பொரித்த கோழியும் பீரும்தான். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன். அது பொய் இல்லை, ஆனால் விடையும் இல்லை என்பது என் கட்சி. இந்த அணி செப்டம்பரில் திடீரென்று உடையவில்லை. ஜூனிலேயே விரிசல் விட்டிருந்தது. கோடை முழுக்க அடித்துக் குவித்த ரன்கள் அதை மூடிவைத்திருந்தன.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பேஸ்பாலில் ஓர் அணி ஏறக்குறைய ஆறு மாதத்தில் 162 ஆட்டம் ஆடுகிறது. ஏறத்தாழ தினமும் ஓர் ஆட்டம், டிரா கிடையாது. ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் நூறு பந்து வீசிவிட்டால் அடுத்த நான்கு நாள் அவருக்கு ஓய்வு. அதனால் ஒவ்வோர் அணியும் ஐந்து தொடக்க பிட்சர்களைச் சுழற்சியில் வைத்திருக்கும். ஒன்பது பேர் கொண்ட பேட்டிங் வரிசையில் ஒருவர் சோடை போனால் மற்ற எட்டுப் பேர் ஈடுகட்டலாம். ஐந்து பிட்சரில் இருவர் போய்விட்டால்? ஐந்து நாளில் இரண்டு நாள் அணி பள்ளத்திலிருந்தே ஆட்டத்தைத் தொடங்குகிறது. இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை தானாகப் புரியும்.

குளிர்காலத்துக் கனவும் ஏப்ரல் அடியும்

2010-இல் பாஸ்டன் 89 ஆட்டம் ஜெயித்தும் பிளே ஆஃபுக்குப் போகவில்லை. பொது மேலாளர் தியோ எப்ஸ்டீன் அந்தக் குளிர்காலத்தில் பெட்டியைத் திறந்தார். சான் டியாகோவிலிருந்து ஏட்ரியன் கொன்சாலஸை வாங்கினார். பதிலுக்குக் கொடுத்த இளைஞர்களில் ஆந்தனி ரிஸோ என்றொருவர் இருந்தார் (பெயரை நினைவில் வையுங்கள்). டாம்பா பேயின் இடதுபுற அவுட்ஃபீல்டர் கார்ல் கிராஃபோர்டுக்கு 7 ஆண்டுக்கு 14.2 கோடி டாலர். கொன்சாலஸுக்கு ஏப்ரலில் 7 ஆண்டுக்கு 15.4 கோடி டாலர் புதிய ஒப்பந்தம். அணியின் மொத்தச் சம்பளம் 16 கோடி டாலரைத் தொட்டது. டாம்பா பேயின் சம்பளம் அதில் கால்வாசிதான். சீசன் தொடங்கும் முன்பே உள்ளூர்ப் பத்திரிகைகள் இந்த அணியை வரலாற்றின் மிகச் சிறந்த அணிகளோடு ஒப்பிட ஆரம்பித்துவிட்டன.

முதல் ஆறு ஆட்டமும் தோல்வி. டெக்சாஸில் மூன்று, கிளீவ்லாந்தில் மூன்று. ஆறாவது தோல்வி 1-0, அதுவும் ஒரு பன்ட் அடியில் (மட்டையை வீசாமல் பந்தை மெல்லத் தட்டிவிடுவது) வந்த ரன். ஏப்ரல் 8-ஆம் தேதி சொந்த மைதானமான ஃபென்வே பார்க்கில் யாங்கீஸை 9-6 என்று வீழ்த்தியதுதான் முதல் வெற்றி. அதற்குப் பிறகும் சறுக்கல் நிற்கவில்லை. 12 ஆட்டம் முடிந்தபோது 2-10.

வேடிக்கை என்னவென்றால் அதே ஏப்ரலில் டாம்பா பேயும் 0-6 என்றுதான் தொடங்கியது. பாஸ்டனின் பழைய நாயகன் மேனி ராமிரெஸ் அப்போது டாம்பா பேயில் இருந்தார். ஊக்கமருந்து விதிமீறல் பிரச்சினையில் ஏப்ரல் 8-ஆம் தேதியே ஓய்வை அறிவித்துவிட்டுப் போய்விட்டார். செப்டம்பரில் ஒன்றையொன்று துரத்தப்போகும் இரண்டு அணிகளும் ஏப்ரலில் ஒரே சேற்றில் சிக்கிக் கிடந்தன. ஃபென்வேயில் இரண்டும் மோதியபோது டாம்பா பே 16-5, 3-2 என்று இரண்டையும் அள்ளிக்கொண்டு போனது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏப்ரல்தானே!

சீசன் முடிவில் பாஸ்டன் கோட்டைவிட்டது ஒரே ஓர் ஆட்டத்தில். ஏப்ரலில் தோற்ற ஆட்டத்துக்கும் செப்டம்பரில் தோற்ற ஆட்டத்துக்கும் பட்டியலில் ஒரே மதிப்புதான். ஆனால் செப்டம்பரைப் பற்றி எழுதியவர்களில் பத்தில் ஒருவர்கூட அந்த 2-10-ஐத் திரும்பிப் பார்க்கவில்லை.

நாலரை மாத வசந்தம்

மே நடுவில் நியூயார்க் போய் யாங்கீஸை மூன்று ஆட்டத்திலும் வென்று 20-20 என்று சமநிலைக்கு வந்தார்கள். அங்கிருந்து ஓட்டம்தான். 2-10-க்குப் பிறகு ஆகஸ்ட் முடியும்வரை 81-42. அந்தக் காலகட்டத்தில் பேஸ்பாலிலேயே இவர்கள்தான் சிறந்த அணி என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

காரணம் பேட்டிங். ஜகோபி எல்ஸ்பரி அதற்கு முந்தைய ஆண்டு விலா எலும்பு உடைந்து உட்கார்ந்திருந்தவர். 2011-இல் .321 சராசரி (.300-ஐத் தாண்டினாலே சிறப்பு), 32 ஹோம் ரன் (வழக்கமாக வேலியைத் தாண்டும் அடி), 39 பேஸ் திருட்டு (பந்து அடிபடும் முன்பே ரன் பாதையின் அடுத்த நிலைக்கு, அதாவது அடுத்த பேஸுக்கு, ஓடிவிடுவது). ஒரே சீசனில் முப்பது ஹோம் ரன்னும் முப்பது திருட்டும் செய்த முதல் ரெட் சாக்ஸ் வீரர் அவர்தான். கொன்சாலஸ் .338, 117 ரன்களை உள்ளே கொண்டுவந்தார். டஸ்டின் பெட்ரோயா, டேவிட் ஓர்டிஸ் இருவரும் .300-க்கு மேல். சீசன் முழுக்க அணி எடுத்த 875 ரன் மேஜர் லீகிலேயே அதிகம். கிராஃபோர்ட் மட்டும் .255-இல் தடுமாறிக்கொண்டிருந்தார். அணி ஜெயிக்கும்போது அதை யார் கேட்கப்போகிறார்கள்.

விரிசல்

இப்போது பிட்சர்கள் பக்கம் வருவோம். சீசன் தொடக்கத்தில் சுழற்சியில் இருந்த ஐவர்: ஜான் லெஸ்டர், ஜான் லாக்கி, கிளே பக்ஹோல்ஸ், ஜாஷ் பெக்கெட், ஜப்பானிலிருந்து வந்த டைசுகே மட்சுசாகா.

மட்சுசாகா ஜூனில் முழங்கை அறுவை சிகிச்சைக்குப் போனார். பக்ஹோல்ஸ் ஜூன் 16-ஆம் தேதி வீசியதோடு சரி. முதுகெலும்பில் நுண்ணிய முறிவு என்று பின்னால் தெரிந்தது, அந்த சீசனில் திரும்பவே இல்லை. ஆக ஜூன் பாதியிலேயே ஐந்தில் இரண்டு போய்விட்டது. மீதி மூவரில் லாக்கியின் முழங்கை ஏற்கெனவே கெட்டிருந்தது. அவர் வீசிக்கொண்டேதான் இருந்தார், அடியும் வாங்கிக்கொண்டே இருந்தார். ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, சராசரியாக 6.41 ரன். சீசன் முடிந்ததும் அவருக்கும் அதே முழங்கை அறுவை சிகிச்சை.

காலி இடங்களுக்கு வந்தவர்கள் யார்? 45 வயது டிம் வேக்ஃபீல்ட். மெதுவாக, காற்றில் தள்ளாடியபடி போகும் நக்கிள்பந்தை வைத்தே பிழைத்தவர். இளமையில் பெரிய நம்பிக்கையோடு வந்து இன்னும் நிலைக்காத ஆண்ட்ரூ மில்லர். கைல் வைலண்ட் என்ற புதுமுகம். வீரர்களை மாற்றிக்கொள்ளக் கடைசி நாளான ஜூலை 31-இல் சியாட்டிலிலிருந்து எரிக் பெடார்ட் வாங்கப்பட்டார். அவரே முழங்கால் காயத்திலிருந்து அப்போதுதான் மீண்டுவந்தவர். அவருக்கு முன் ஓக்லாந்தின் ரிச் ஹார்டனை வாங்கப் பேச்சு நடந்து, மருத்துவ அறிக்கையைப் பார்த்துப் பின்வாங்கினார்கள். 16 கோடி டாலர் அணி, நல்ல தோள் ஒன்றைத் தேடிக் கடைசி நாளில் கடைகடையாக ஏறி இறங்கியது.

ஜூலையில் இந்த ஓட்டை தெரியாததற்குக் காரணம் எளிது. எதிரணிக்கு ஆறு ரன் கொடுத்தாலும் எட்டு அடித்தார்கள். தொடக்க பிட்சர் இறங்கியபின் வந்து வீசும் பின்வரிசையில் ஆல்ஃபிரெடோ அசெவேஸ், டேனியல் பார்ட், ஜொனாதன் பேப்பல்பான் மூவரும் இழுத்துப் பிடித்தார்கள். சீக்கிரம் விழும் தொடக்க பிட்சருக்குப் பதில் தினமும் உள்ளே வந்து வீசினால் அந்தத் தோள்களும் எத்தனை நாள் தாங்கும்?

செப்டம்பர்

செப்டம்பர் 5-ஆம் தேதி டொரொண்டோவில் பெக்கெட்டுக்குக் கணுக்கால் பிசகியது. மூன்றாவது பேஸ் வீரர் கெவின் யூக்கிலிஸ் இடுப்பு வலியோடு ஆடிப் பார்த்து, மாத நடுவில் நின்றுவிட்டார். சுழற்சியில் நம்பத்தகுந்தவர் என்று லெஸ்டர் ஒருவர் மிஞ்சினார், அவரும் களைத்திருந்தார். அந்த மாதம் தொடக்க பிட்சர்களின் சராசரி ஒன்பது இன்னிங்ஸுக்கு 7 ரன்னைத் தாண்டியது. கோடையில் அசைக்க முடியாதவராக இருந்த பார்ட், செப்டம்பரில் மட்டும் நான்கு தோல்விகளைத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

சரி, பேட்டிங்? இங்கேதான் புள்ளிவிவரம் ஆளை ஏமாற்றும். செப்டம்பரின் 27 ஆட்டத்தில் பாஸ்டன் 146 ரன் எடுத்தது. சராசரியைப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் வென்ற ஏழில் நான்கு ஆட்டங்களின் ஸ்கோரைப் பாருங்கள்: 12-7, 14-0, 18-6, 18-9. இந்த நான்கிலேயே 62 ரன் போய்விட்டது. மீதி 23 ஆட்டத்துக்கு 84. நாளுக்கு நாலு ரன்கூட இல்லை. விருந்து வைத்த நாளில் ஊருக்கே போட்டார்கள், மற்ற நாளில் அடுப்பு எரியவில்லை. எதிரணிகளுக்குக் கொடுத்ததோ 172 ரன். ஆகஸ்ட் 27-க்குப் பிறகு தொடர்ச்சியாக இரண்டு ஆட்டம்கூட அந்த அணி ஜெயிக்கவில்லை.

அந்த 18-6 மட்டும் தனியே சொல்ல வேண்டியது. வேக்ஃபீல்ட் ஜூலை 24-இலிருந்து 199 வெற்றியில் நின்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று தட்டிப்போகும். எட்டாவது முயற்சியில், செப்டம்பர் 13 அன்று, 200 வந்தது. அத்தோடு சரி. அவர் வாழ்க்கையில் அதற்குப் பிறகு வேறு வெற்றி இல்லை. ஃபென்வே அந்த மாதம் மனதாரச் சிரித்த ஒரே இரவு அதுதான் என்று நினைக்கிறேன்.

டாம்பா பேயோடு நேருக்கு நேர் ஏழு ஆட்டம் இருந்தது. ஃபுளோரிடாவில் மூன்று, மூன்றும் தோல்வி. அதில் ஒன்று 11 இன்னிங்ஸ் வரை போய் 6-5. பிறகு ஃபென்வேயில் நான்கு, அதில் ஒன்றே ஒன்று வெற்றி. ஒரு தோல்வி 4-3. பின்தொடர்பவனிடம் தோற்றால் அடி இரண்டு மடங்கு. நம் கணக்கில் ஒன்று குறையும், அவன் கணக்கில் ஒன்று ஏறும். கடைசியில் டாம்பா பே 91-71, பாஸ்டன் 90-72. அந்த ஆறு தோல்வியில் ஏதாவது ஒன்று மாறியிருந்தால் இரண்டு எண்களும் இடம் மாறியிருக்கும். ஒன்பதில் ஏழு வந்தது என்று மேலே சொன்னேன். உண்மையில் சரியான இடத்தில் வந்திருந்தால் எட்டே போதும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டாம்பா பே அந்த மாதம் ஒன்றும் மாயாஜாலம் செய்யவில்லை. 17-10. நல்ல ஆட்டம், அவ்வளவுதான். "அற்புதமாகத் துரத்திப் பிடித்தது" என்று எழுதுவது பழக்கமாகிவிட்டது. துரத்தியவன் நடந்துதான் வந்தான், முன்னால் போனவன் உட்கார்ந்துவிட்டான்.

பால்டிமோர்

கிழக்குப் பிரிவின் கடைசி இடத்தில் இருந்த பால்டிமோர் ஓரியோல்ஸ் அந்த ஆண்டு 93 ஆட்டம் தோற்ற அணி. அதோடு செப்டம்பரின் கடைசி பத்து நாளில் ஏழு ஆட்டம். பாஸ்டன் இரண்டைத்தான் ஜெயித்தது. ராபர்ட் ஆண்டினோ என்ற பால்டிமோர் வீரர், நட்சத்திரம் எதுவும் இல்லை, பாஸ்டனைப் பார்த்தால் மட்டும் சாமி வந்தவர்போல் ஆடினார். 20-ஆம் தேதி பேஸ்கள் நிறைந்திருக்க பேப்பல்பானை அடித்து மூன்று ரன் கொண்டுவந்தார். 26-ஆம் தேதி பந்து வேலியைத் தாண்டாமலேயே ஓடி முடித்த ஒரு ஹோம் ரன்.

28-ஆம் தேதி, சீசனின் கடைசி நாள். பாஸ்டனும் டாம்பா பேயும் சமம். லெஸ்டர் வழக்கமான நான்கு நாளுக்குப் பதில் மூன்றே நாள் ஓய்வோடு வந்து ஆறு இன்னிங்ஸ் தாக்குப்பிடித்தார். பெட்ரோயாவின் ஹோம் ரன்னோடு 3-2 முன்னிலை. ஏழாவது இன்னிங்ஸில் மழை. ஆட்டம் 1 மணி 26 நிமிடம் நின்றது. அதே நேரம் டாம்பா பேயின் மைதானத்தில் அந்த அணிக்கு எதிராக யாங்கீஸ் 7-0 என்று முன்னால் இருந்தது. அந்த இடைவேளையில் பாஸ்டன் வீரர்களுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்திருக்கும்.

யாங்கீஸ் ஏற்கெனவே பிரிவை வென்றுவிட்டதால் முக்கிய பிட்சர்களைப் பொத்திவைத்திருந்தது. எட்டாவது இன்னிங்ஸில் டாம்பா பே ஆறு ரன் அடித்தது. ஒன்பதாவதில் இரண்டு அவுட், இரண்டு ஸ்டிரைக், இன்னும் ஒரு பந்து தவறினால் முடிந்தது. .108 சராசரியோடு இருந்த டேன் ஜான்சனைத்தான் அனுப்பியிருந்தார்கள். அவர் வலது மூலையில் ஹோம் ரன் அடித்தார். 7-7.

பால்டிமோரில் எட்டாவது இன்னிங்ஸில் கிராஃபோர்ட் நீளமாக அடித்தார். முதல் பேஸில் நின்ற மார்கோ ஸ்குட்டாரோ பந்து பிடிபட்டுவிட்டதோ என்று தயங்கி, ரன் முடியும் இடமான வீட்டுத் தட்டில் அவுட் ஆனார். ஒன்பதாவதில் பேஸ்கள் நிறைந்திருந்தும் இரட்டை அவுட். பாதுகாப்பு ரன் ஒன்றும் வரவில்லை. பேப்பல்பான் வந்தார். எட்டு இன்னிங்ஸ் முடிவில் முன்னிலையில் இருந்த ஆட்டங்களில் பாஸ்டனின் அந்த ஆண்டுக் கணக்கு 77-0. முதல் இருவரும் ஸ்டிரைக் அவுட். இன்னும் ஒருவர்.

கிறிஸ் டேவிஸ் டபுள், இரண்டாவது பேஸ் வரை சேர்க்கும் அடி. நோலன் ரைமோல்ட், கடைசி ஸ்டிரைக் வரை போய், டபுள். 3-3. அப்புறம் ஆண்டினோ. இடதுபுறம் தாழ்வாக ஒரு அடி. கிராஃபோர்ட் சறுக்கிக்கொண்டே கையுறையை நீட்டினார். பந்து பட்டு நழுவியது. ரைமோல்ட் ஓடி வந்துவிட்டார், 4-3. ஓராண்டுக்கு முன்புவரை டாம்பா பேயின் செல்லப்பிள்ளையாக இருந்தவரின் கையிலிருந்து அந்தப் பந்து விழுந்தது. 14.2 கோடி டாலர் கொடுத்து வாங்கிவந்த கை.

மூன்றே நிமிடத்தில் டாம்பா பேயின் மைதானத்தில் 12-ஆவது இன்னிங்ஸ். எவன் லங்கோரியா இடது மூலையில் தாழ்வான வேலிக்கு மேல் ஒரு ஹோம் ரன். 8-7. முடிந்தது.

பேப்பல்பானைத் திட்டுவது எளிது. மூன்று நாள் முன்பு யாங்கீஸோடு 14 இன்னிங்ஸ் போன ஆட்டத்தில் இரண்டு இன்னிங்ஸுக்கு மேல் வீசியவர், முந்தைய இரவும் வீசியவர். அவரை அப்படிப் பிழிய வேண்டி வந்ததே, ஆட்டத்தைத் தொடங்க ஆள் இல்லாததால்தான்.

கோழி

அக்டோபர் 12-ஆம் தேதி பாஸ்டன் குளோப் நாளிதழில் வந்த நீண்ட கட்டுரை எல்லாவற்றையும் மாற்றியது. தங்கள் முறை இல்லாத நாட்களில் லெஸ்டர், பெக்கெட், லாக்கி மூவரும் ஆட்டம் நடக்கும்போதே உடைமாற்றும் அறையில் பீர் குடித்து, பொரித்த கோழி தின்று, வீடியோ கேம் ஆடினார்கள் என்றது அது. லெஸ்டர் பின்னர் ஓரளவு ஒப்புக்கொண்டார், அளவு மிகைப்படுத்தப்பட்டது என்றார். களத்தில் அணியை நடத்தும் மேனேஜர் டெர்ரி ஃபிராங்கோனாவின் சொந்த வாழ்க்கையையும் அந்தக் கட்டுரை தெருவுக்கு இழுத்தது. பெயர் சொல்லாத ஆட்களின் வாய்வார்த்தையில். அது தேவையில்லாத அசிங்கம், இங்கே திருப்பி எழுதமாட்டேன்.

அணிக்குள் ஒழுங்கு தளர்ந்திருந்தது என்பதை மறுக்கவில்லை. சக வீரர்கள் வெளியே வெயிலில் நிற்கும்போது உள்ளே குடிப்பது மரியாதைக் குறைவுதான். ஆனால் கோழி செப்டம்பரில் மட்டும் பொரியவில்லை. அது பழக்கமாகவே ஆகியிருந்தது என்று கட்டுரையே சொல்கிறது. ஜூலையிலும் தின்றார்கள், ஜூலையில் ஜெயித்தார்கள். லாக்கியின் முழங்கைத் தசைநாரையோ பக்ஹோல்ஸின் முதுகையோ கோழி கெடுக்கவில்லை. முறிந்த முதுகெலும்பை வைத்து நாளிதழில் தலைப்புப் போட்டால் யார் படிப்பார்கள் என்பது வேறு விஷயம்.

என் பார்வையில் கேள்வி எப்ஸ்டீனிடம்தான் போக வேண்டும். பேட்டிங்குக்கு ஏறக்குறைய 30 கோடி டாலர் உறுதி சொன்ன குளிர்காலத்தில், ஆறாவது ஏழாவது தொடக்க பிட்சர் யார் என்ற கேள்விக்கு வேக்ஃபீல்டுதான் பதில். ஐந்து பேரும் 162 ஆட்டம் முழுக்க நிற்பது எந்த அணிக்கும் அபூர்வம். அவருக்கு அது தெரியாமல் இருக்காது.

பிறகு

செப்டம்பர் 30-ஆம் தேதி ஃபிராங்கோனா விலகினார், கோழிக் கட்டுரைக்கு முன்பே. கோப்பைக்கான 86 ஆண்டு காத்திருப்பை 2004-இல் முடித்து, 2007-இலும் கோப்பை தந்த மனிதர். எப்ஸ்டீன் சிகாகோ கப்ஸுக்குப் போனார். ஒழுங்கைக் கொண்டுவர பாபி வேலண்டைனை மேனேஜராக்கினார்கள். 2012-இல் 69-93, 1965-க்குப் பிறகு மிக மோசமான சீசன். அந்த ஆகஸ்டில் கொன்சாலஸ், கிராஃபோர்ட், பெக்கெட் மூவரையும் சம்பளச் சுமையோடு சேர்த்து லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்குத் தள்ளிவிட்டார்கள். லீகும் 2012 முதல் இரண்டாவது வைல்ட் கார்டைச் சேர்த்தது. ஓராண்டு முன்பு அது இருந்திருந்தால் 90 வெற்றியோடு பாஸ்டன் உள்ளே வந்திருக்கும்.

2013-இல் பாஸ்டன் கோப்பைக்கான இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸை வென்றது. கோப்பையை முடிவு செய்த ஆறாவது ஆட்டத்தில் பிட்சர் லாக்கி, சரிசெய்த முழங்கையோடு. ஃபென்வேயில் வைத்துக் கோப்பை வென்றது 1918-க்குப் பிறகு அதுவே முதல் முறை.

2016 வேர்ல்ட் சீரிஸ் கப்ஸுக்கும் கிளீவ்லாந்துக்கும். கப்ஸ் பக்கம் எப்ஸ்டீன், லெஸ்டர், லாக்கி, முதல் பேஸில் ஆந்தனி ரிஸோ. எதிரில் கிளீவ்லாந்தின் மேனேஜர் ஃபிராங்கோனா. அவருடைய பின்வரிசையில் யாரும் தொட முடியாத பிட்சராக, 2011-இல் பாஸ்டன் வேறு வழியில்லாமல் சுழற்சியில் நிறுத்திய அதே ஆண்ட்ரூ மில்லர்.